அப்பாவின் வலது கை

மகன், பொங்கலுக்கு முந்திய வாரம் நீ கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது அப்பா அங்கே நிற்பார். ஆனால் வேனை அவர் ஓட்டிக்கொண்டு வந்திருக்கமாட்டார். பக்கத்து வீட்டு ரவி அண்ணன் ஓட்டி வந்திருப்பார். உன் பெட்டியை வாங்க அப்பா இடது கையைத்தான் நீட்டுவார். வலது கை உடம்போடு ஒட்டித் தொங்கும். சட்டைக்குள் அந்தத் தோள் கொஞ்சம் இறங்கி, சதை வற்றித் தெரியும். இதையெல்லாம் நீ கூட்டத்துக்கு நடுவில் முதல் தடவையாகப் பார்க்கக்கூடாது என்பதற்காகத்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

நாலு மாதத்துக்கும் மேலாக உன்னிடம் மறைத்தோம். வெள்ளிக்கிழமைகளில் கட்டாரிலிருந்து நீ வீடியோவில் வரும்போது அப்பா எப்போதும் சுவரோரக் கதிரையில்தான் உட்கார்ந்திருப்பார். வலப் பக்கம் சுவருக்கு மறைவாக இருக்கும்படி போனை நான்தான் பிடித்திருப்பேன். ஒரு முறை நீ கேட்டாய், "என்னாப்பா, இடது கையால டீ குடிக்கிறீங்க?" என்று. "மத்தக் கைக்கு லீவு குடுத்திருக்கேன்டா. நீதான் லீவு இல்லாம கெடக்குற" என்றார். நீ சிரித்தாய். நானும் போனுக்குப் பின்னால் நின்று சிரித்தேன். அழைப்பு முடிந்ததும் அந்தக் கோப்பையைக் கீழே வைக்கக்கூட அவருக்கு என் உதவி வேண்டியிருந்தது. உன்னிடம் விடைபெற இடது கையிலேயே கோப்பையோடு போனையும் சேர்த்து வாங்கியிருந்தார், ஒன்றை மாற்றிப் பிடிக்க வேறு கை இல்லை.

இதை உனக்கு மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடலாம். நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். வீட்டு விஷயத்தை வாசலுக்கு வெளியே கொண்டுபோகாதவள். பதினெட்டு வயதில் உன்னைப் பெற்றேன். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று, "அம்மா வரல்லியா, அக்காவா வந்திருக்கீங்க?" என்று ஆசிரியை கேட்டபோதுகூடப் பதில் சொல்லாமல் படிவத்தை நிரப்பி நீட்டியவள். இப்போதும் முப்பத்தொன்பதுதான். அந்த வழக்கம் போகவில்லை. கண்டியில் புத்தகக் கடையில் நாள் முழுக்க நின்றாலும், வருகிறவர்களோடு புத்தகத்தைப் பற்றி மட்டும் பேசுவேன். அப்படிப்பட்ட நான் இதை நாலு பேர் வாசிக்கும்படி எழுதுகிறேன் என்றால், மறைத்ததால் என்ன நடந்தது என்பதை என் கண்ணால் பார்த்துவிட்டதுதான் காரணம். இன்னும் எத்தனை வீட்டில் யார் சட்டைக்குள் எதை மூடி வைத்திருக்கிறார்களோ. நீ முதலில் வாசி. பிறகு மற்றவர்கள் வாசிக்கட்டும்.

ஆகஸ்ட் பள்ளி விடுமுறை. அப்பா ஓட்டுகிற பள்ளிக்கூட வேனுக்கு ஓட்டம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாவலப்பிட்டியில் அத்தை மகள் சுகந்தியின் கல்யாணம். உனக்கு லீவு கிடைக்காமல் போன அதே கல்யாணம்தான். அதற்கு முந்திய வாரம் முழுக்க அப்பா வலது தோளில் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். "ஸ்டியரிங் புடிச்சுப் புடிச்சு வந்த வலி, லீவுல சரியாயிரும்" என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். நான் எண்ணெய் சுட வைத்துத் தேய்த்தேன். தேய்க்கும்போது, "மெதுவா, தோலே எரியுது" என்றார். தோள்வலிக்குத் தோல் ஏன் எரிய வேண்டும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

புதன்கிழமை காலை குளித்துவிட்டு வந்து துண்டோடு என் முன்னால் திரும்பி நின்றார். "என்னமோ கடிச்ச மாதிரி இருக்கு, பாரு." பார்த்தேன். கழுத்தின் வலப் பக்கத்தில் தொடங்கி, தோள் மேல் ஏறி, மேற்கையின் வெளிப்புறம் வரை ஒரு பட்டை போலச் சிவந்திருந்தது. அதன் மேல் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள், கூட்டம் கூட்டமாக. இடப் பக்கம் ஒன்றுகூட இல்லை. நான் போனில் ஒரு படம் எடுத்தேன். "யாருக்கு அனுப்பப் போற, என் அழகை?" என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்றேன். அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடையின் பின்பக்கத்தில், புத்தகக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, அந்தப் படத்தை ஒரு கையிலும் மருத்துவக் கையேடு ஒன்றை மறு கையிலும் வைத்துக்கொண்டு வாசித்தேன். பிறகு போனிலும் தேடி வாசித்தேன். அக்கி. எல்லா இடத்திலும் ஒரே விஷயம்தான் எழுதியிருந்தது.

அதில் ஒரு வரி என்னை அப்படியே உட்காரவைத்துவிட்டது. சின்ன வயதில் அம்மை போட்டு இறங்கிய பிறகு அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதே இல்லை. முதுகெலும்பின் இரண்டு பக்கமும் நரம்புகள் கிளம்புகிற வேர்களில் போய் ஒடுங்கிக் கிடக்கிறது. இருபது வருடம், முப்பது வருடம், ஆயுள் முழுக்க. என்றைக்காவது உடம்பு தளரும்போது ஏதோ ஒரு வேரில் விழித்து, அந்த ஒரு நரம்பு போகிற வழியே தோலுக்கு வருகிறது. அதனால்தான் ஒரு பக்கம் மட்டும் பட்டை. உனக்கு ஆறு வயதில் அம்மை போட்டது நினைவிருக்கிறதா? வாசலில் வேப்பிலை கட்டினோம். அப்பா உனக்குப் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்தார். மூன்று தடவை தலைக்குத் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் பூசி, கும்பிட்டு, அம்மாளை வழியனுப்பி வைத்தோம். போய்விட்டாள் என்று வாசல் வேப்பிலையை நானே அவிழ்த்தேன். போகவில்லை, மகன். நாம் வழியனுப்பிவிட்டதாக நினைத்தது எதுவும் போகவில்லை. உன் முதுகெலும்புக்குப் பக்கத்தில் இப்போதும் இருக்கிறது. கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு, என் பிள்ளையின் முதுகில் நான் எத்தனை தடவை சோப்புப் போட்டிருப்பேன் என்று நினைத்தேன்.

அடுத்த வரியில் மருந்து. அசைக்ளோவிர். அது வைரஸை ஒரேயடியாக அழிக்காது, பெருகவிடாமல் தடுக்கும். நரம்பில் சேதம் கூடுவதற்கு முன் தொடங்க வேண்டும். கொப்புளம் தெரிந்த எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள், இயன்றவரை. அந்த "இயன்றவரை"யை நான் நாலைந்து தடவை வாசித்தேன். வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு இப்படி ஒரு கெட்ட வசதி உண்டு, மகன். ஒரு வசனத்தில் தனக்குத் தோதான சொல் எங்கே இருக்கிறது என்று தேடிப்பிடித்து அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளலாம்.

ஏன் ஒளிந்தேன் என்று சொல்கிறேன். சுகந்திக்குத் தாய்மாமன் மாலை போட வேண்டியவர் உன் அப்பா. அது வெறும் சடங்கு இல்லை அவருக்கு. தேயிலைத் தோட்டத்தில் இருந்த காலத்தில், அவருக்குப் பத்து வயதில் உடம்பெல்லாம் அம்மை போட்டபோது, பெரியவர்கள் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய்விடுவார்கள். பதினாலு வயது அத்தைதான் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அவரோடு இருந்தார். வேப்பிலையால் தடவிக்கொடுத்து, கஞ்சி ஊட்டி, சொறியாமல் இருக்கக் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். திரும்பப் பள்ளிக்கூடம் போகவே இல்லை. இதை அப்பா எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. "எங்கக்கா மகளுக்கு நான் மாலை போடுற அன்னைக்குத்தான் நான் மனுசன்" என்பார். இந்த நிலையில், எங்கள் வீட்டில் அம்மாள் வந்திருக்கிறாள் என்று ஒரு ஆள் காதில் விழுந்தால் போதும். அக்கியும் நம் பக்கத்தில் அந்தக் கணக்குத்தான். தண்ணீர் ஊற்றும்வரை அந்த வீட்டு ஆள் கல்யாண மண்டபத்துப் படி ஏறக்கூடாது. மாப்பிள்ளை வீட்டார் இதிலெல்லாம் மிகவும் பார்க்கிறவர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் நம் ஊர் கம்பளையில் யாராவது ஒருவர் பார்ப்பார், கேட்பார். கேட்டவர் நாவலப்பிட்டிக்கு பஸ் ஏறுவதற்குள் விஷயம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

அன்று பின்னேரம் நான் வேலை முடிந்து வந்து குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அப்பா வாசல்நிலையில் சாய்ந்து நின்று கேட்டார், "டாக்டர்ட்ட காட்டணுமா? நீதானே படிச்சவ. நீ சொல்லு." துருவிக்கொண்டிருந்த என் கை நின்றது. புதன் காலையிலிருந்து எண்ணினேன். சனி காலையோடு எழுபத்திரண்டு முடிகிறது. ஞாயிறு மத்தியானம் கல்யாணம் முடிந்துவிடும். ஒரு நாளும் கொஞ்சமும்தான் பிந்தும். "ஞாயிறு முடியட்டுங்க. ஒன்னும் ஆகாது" என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். இருபத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் என்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்ததில்லை. நான் சொன்ன எதையும் மறுத்துப் பேசியதும் இல்லை.

வியாழனும் வெள்ளியும் கொப்புளம் கூடியது. மெல்லிய வெள்ளைத் துணியால் நான்தான் கட்டினேன். சட்டை உரசினாலே பல்லைக் கடித்தார். வெள்ளிக்கிழமை, "கை பாரமா இருக்கு, யாரோ கல்லைக் கட்டுன மாதிரி" என்றார். வலியால் அப்படி இருக்கும் என்றேன். சனிக்கிழமை அவர் எதுவுமே சொல்லவில்லை. அதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன். ஞாயிறு காலையில் பட்டு வேட்டி கட்டி, தலை சீவி வந்தார். வகிடு வழக்கமாக எடுக்கிற பக்கத்தில் இல்லை. மறுபக்கம் எடுத்திருந்தார், அதுவும் கோணலாக. கல்யாணத்துக்காக மாற்றிச் சீவியிருக்கிறார் என்று நினைத்தேன். வேனை அவர்தான் ஓட்டினார். வலது கையை மடியில் ஊன்றி, விரலால் ஸ்டியரிங்கின் அடியை மட்டும் பிடித்திருந்தார். வளைவுகளில் இடது கையால் இழுத்துத் திருப்பினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே போனேன். பார்த்தேன் என்பதுதான் இப்போதும் என்னைத் திடுக்கிட வைக்கிறது. எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றையும் கேட்கவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. ஐயர் கூப்பிட்டதும் அப்பா மேடை ஏறினார். அத்தை மாலையை எடுத்து நீட்டினார், ரோஜாவும் சம்பங்கியும் வைத்துக் கட்டிய கனத்த மாலை. நாதஸ்வரம் வேகமெடுத்தது. சுகந்தி கும்பிட்டபடி நின்றாள். அப்பாவின் இடது கை மாலையோடு மேலே போனது. வலது கை இடுப்பு உயரத்திலேயே நின்றுவிட்டது. முதலில் யாருக்கும் புரியவில்லை. படம் எடுத்துக்கொண்டிருந்த சிங்களப் பையன் கமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே, "தவ டிக்கக் உஸ்ஸன்ன மாமா" என்றான். இன்னும் கொஞ்சம் உயர்த்துங்க மாமா என்று. அப்பா உயர்த்தப் பார்த்தார். முகம் சிவந்தது, உடம்பு முழுவதும் இடப்பக்கம் சாய்ந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. கை வரவில்லை. "தவ டிக்கக் மாமா" என்று அவன் மறுபடியும் சொன்னான். மாலையின் வலப்பக்க நுனி அவர் விரல்களிலிருந்து நழுவி மேடையில் விழுந்தது. பூவிதழ்கள் சுகந்தியின் காலடியில் சிதறின.

மாலை கீழே விழுவது எப்படிப்பட்ட சகுனம் என்று அந்த மண்டபத்தில் தெரியாதவர்கள் இல்லை. நாதஸ்வரம் மட்டும் எதுவும் தெரியாமல் வாசித்துக்கொண்டிருந்தது. அப்போது சுகந்தி குனிந்தாள். விழுந்த நுனியை அவளே எடுத்து, தலையைத் தாழ்த்தி, கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, அப்பாவின் வலது கையைப் பிடித்து மாலையின் மேல் வைத்தாள். "என்னா மாமா?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். அந்த முகத்தை உனக்கு எப்படிச் சொல்வது? வலி இல்லை, கோபமும் இல்லை. தன் கையை வேறு யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டது போல, அது எங்கே என்று என்னிடம் கேட்பது போல ஒரு பார்வை.

சாப்பாட்டுப் பந்தி தொடங்குவதற்குள் நாங்கள் கிளம்பிவிட்டோம். கல்யாணத்துக்கு வந்திருந்த ரவி அண்ணன் வேனை ஓட்டினார். கண்டிப் பெரியாஸ்பத்திரியில் பட்டு வேட்டியும் பட்டுச்சேலையுமாக வரிசையில் உட்கார்ந்திருந்தோம். என் தலையில் மல்லிகைப்பூ இருந்தது. அதைக் கழற்ற வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பார்த்தவர் ஒரு முஸ்லிம் டாக்டர், என்னைவிடச் சின்னப் பெண். துணியைப் பிரித்துப் பார்த்தார். கையைத் தூக்கச் சொன்னார், முழங்கையை மடக்கச் சொன்னார். பிறகு, "எத்தின நாளாகுது இது வந்து?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார், "இன்னைக்குத்தான் பார்த்தோம் டாக்டர். இவ பார்த்த ஒடனே கூட்டிட்டு வந்துட்டா."

பாதிக் கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தன. டாக்டர் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "புதன்கிழமை காலைல" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். ஏன் பிந்தியது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் கேட்கவில்லை. சின்ன வயதில் அம்மை வந்ததா என்று கேட்டார். "பத்து வயசுல. எங்கக்காதான் பார்த்தாங்க" என்றார் அப்பா. அத்தை வேப்பிலையால் தடவிக்கொடுத்து ஆற்றிவிட்டதாக நினைத்த அதே நோய்தான், முப்பத்தாறு வருடம் கழுத்து நரம்பின் வேரில் கிடந்து, அத்தை மகளின் கல்யாணத்தில் அவர் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது.  அக்கியில் தோலுக்குப் போகிற நரம்புதான் வழக்கமாகப் பாதிக்கும், சிலருக்கு மட்டும் பக்கத்திலேயே தசைக்குப் போகிற வேரையும் அது தொட்டுவிடும் என்று டாக்டர் விளக்கினார். நான் வாசித்த பக்கங்களில் அதுவும் இருந்திருக்க வேண்டும். எனக்குத் தேவையான சொல் கிடைத்ததும் நான் வாசிப்பதை நிறுத்தியிருக்கிறேன்.

அன்றைக்கே வார்ட்டில் சேர்த்தார்கள். புதுக் கொப்புளம் இன்னும் வந்துகொண்டிருப்பதால் பிந்தியாவது மருந்து கொடுக்கலாம், பலன் உண்டு என்றார் டாக்டர். முதலில் சேலைனோடு இரத்தக்குழாய் வழியாக எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு மாத்திரை, ஒரு நாளைக்கு ஐந்து வேளை. சிறுநீரகத்துக்குப் பாரமாகாமல் இருக்கத் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். ஐந்து வேளைக்கும் போனில் அலாரம் வைத்தேன். ஒரு வேளைகூட, ஐந்து நிமிஷம்கூட, பிந்தவிடவில்லை. அலாரம் அடிக்கும்போதெல்லாம் தண்ணீர்க் குவளையோடு ஓடுவேன். "அடேயப்பா, ரயில்வேகாரிகூட இப்புடி டைம் பார்க்கமாட்டா" என்பார். அவர் கேலிக்குச் சொல்வார். எனக்கு முகத்தில் அறைந்தது போல இருக்கும்.

வார்ட்டை விட்டு வருகிற அன்று டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன், "நேரத்தோட வந்திருந்தா கை விழுந்திருக்காதா?" அவர் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். "தெரியாது. நேரத்துக்கு மருந்து தொடங்கின ஆக்களுக்கும் சில நேரம் இப்படி ஆகும். ஆனா வந்திருந்தா அவருக்கு ஒரு சான்ஸ் கூட இருந்திருக்கும். அத மட்டும் சொல்லலாம்." ஆமாம் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். இல்லை என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். அதோடுதான் இருக்கிறேன்.

இன்னொன்றும் அவர் வார்ட்டில் சேர்த்த அன்றே கேட்டிருந்தார். இந்தக் கொப்புளத்து நீர் பட்டு, அம்மை வராத ஆளுக்கு அம்மை வரலாம், வீட்டில் கர்ப்பிணி யாரும் உண்டா என்று. வீட்டில் இல்லை. ஆனால் மண்டபத்தில் அப்பாவுக்குப் பக்கத்துக் கதிரையில் சுகந்தியின் அக்கா மாலதி உட்கார்ந்திருந்தாள், ஐந்து மாத வயிற்றோடு. யாருக்கும் தெரியக்கூடாது என்று நான் ஐந்து நாள் கட்டிக்காத்ததை, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு நானே போனில் அத்தையிடம் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "மாலதிக்கு எட்டு வயசுலயே போட்டுருச்சு. அவளுக்குப் பயமில்ல. இருந்தாலும் கிளினிக்கில சொல்லச் சொல்றேன்" என்றார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அத்தை இடைமறித்தார். "நீ ஏன் எங்கிட்ட சொல்லல? ஒடம்பெல்லாம் கொப்புளமா கெடந்தப்ப மடியில போட்டுக்கிட்டவ நான். எனக்கா அம்மாளப் பத்திப் பயம்? சுகந்தியை மாலையோட ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டு வந்திருப்பேனே." யாருக்காக மறைத்தேனோ, அவருக்கு அந்த மறைப்பே தேவைப்பட்டிருக்கவில்லை. 

கை வரும் என்கிறார்கள். இப்படி விழுந்த கை பலருக்கு மாதக்கணக்கில் மெதுவாகத் திரும்பும், சிலருக்கு முழுதாகத் திரும்பாது. எரிச்சல் இப்போது குறைந்திருக்கிறது, மழைநாளில் மட்டும் துணி பட்டால் துடிக்கிறார். பயிற்சிக்காரப் பிள்ளை ஒன்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள்: சுவருக்குப் பக்கத்தில் நின்று, வலது கை விரல்களை எறும்பு போல ஒவ்வொன்றாக மேலே ஏற்ற வேண்டும். அப்பா அதற்கு எந்தச் சுவரைத் தேர்ந்தெடுத்தார் தெரியுமா? முன்னறையில், உன் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் உன்னை நிறுத்தி வைத்துப் பென்சிலால் கோடு போட்ட சுவரை. முதல் வாரம் விரல் உன் இரண்டு வயதைக்கூடத் தொடவில்லை. கார்த்திகையில் ஐந்து வயதுக்கு வந்தார். இந்த வாரம் ஒன்பது. "உங்க மகன் வர்றதுக்குள்ள பத்தாவது ஏறிருவீங்களா?" என்று கேட்டேன். "பத்தில அம்மாள் இருக்கா. அவளத் தாண்டித்தான் போகணும்" என்றார், சிரிக்காமல்.

உனக்கு நான் சொல்ல வேண்டிய புத்தி ஒன்று இருக்கிறது. அந்த வைரஸ் உன்னிடமும் இருக்கிறது. பயப்படாதே, பெரும்பாலானோருக்கு அது கடைசிவரை உறங்கியே கிடக்கும். ஆனால் என்றைக்காவது உன் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் காரணமில்லாமல் எரிந்து, இரண்டு மூன்று நாளில் பட்டையாகக் கொப்புளம் கண்டால், அன்றைக்கே டாக்டரிடம் போ. முதலாளி லீவு தரவில்லை, அறையில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள், அம்மா பயப்படுவாள் என்று எதையும் எண்ணாதே. போய்விட்டு வந்து எனக்குச் சொன்னால் போதும். உன் அம்மா நிறைய வாசித்தவள் என்று நீ பெருமையாகச் சொல்வாய். வாசித்தவள்தான். தெரியாமல் செய்திருந்தால் இந்தக் கடிதம் இவ்வளவு நீண்டிருக்காது.

இதுவரை எழுதிய பிறகு ஒரு விஷயம் உறைத்தது. எழுபத்திரண்டு மணி நேரத்தைப் பற்றி எனக்கு அன்றே தெரியும் என்பதை உன் அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அவரைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "பாவம், அவளுக்கு என்னா தெரியும், டாக்டரா அவ?" என்று எனக்காகப் பேசிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் நான் தேநீர் ஊற்றுகிற சாக்கில் குசினிக்குள் போய்விடுவேன். அவருக்குச் சொல்லாததை உனக்கும் ஊருக்கும் சொல்லக்கூடாது. இன்று காலை அவர் சுவர்ப் பயிற்சி முடித்துக் கதிரையில் உட்கார்ந்ததும், முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டினேன். கையேட்டுப் பக்கம் வந்தபோது நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தேன்.  அவர் வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

வாசித்து முடித்த தாள்களை இடது கையால் வாங்கிப் பார்த்தார். பிறகு சொன்னார், "நீ விரல் விட்டு எண்ணுன."

"எப்ப?"

"அன்னைக்குக் குசினியில. தேங்காயைக் கையில வச்சுக்கிட்டே. புதன், வியாழன், வெள்ளி, சனின்னு. நான் நிலையில சாஞ்சுக்கிட்டுப் பார்த்துக்கிட்டுத்தானே நின்னேன்."

நான் என் விரல்களைப் பார்த்தேன்.

"என்னா எண்ணுறன்னு நான் கேக்கல" என்றார். "கேட்டா நீ சொல்லிருவ. சொன்னா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கணும். எனக்கு மாலை போடணும்." இடது கையால் தலையைத் தடவினார். "சனிக்கிழமை காலையிலேயே சீப்பத் தூக்க முடியல. ஒனக்குச் சொல்லல. ஒரு நாளுதானே, சமாளிச்சிரலாமுன்னு இருந்தேன்."

கோணல் வகிடு என் கண்முன் வந்து நின்றது. ஒருவருக்கொருவர் இரண்டடி தூரத்தில் நின்று, இரண்டு பேரும் தெரிந்தே, இரண்டு பேரும் கேட்காமல், அந்த மூன்று நாளையும் கழித்திருக்கிறோம். இதைக் கேட்டு என் மனம் லேசாகிவிட்டது என்று நினைக்காதே. அவர் கேட்காதது என் பொய்யைக் குறைத்துவிடாது. அவர் அதைக் குறைக்கவும் முயலவில்லை. "கடைசியில இதையும் எழுது" என்றார். "எல்லாத்தையும் ஒன் தலையில போட்டுக்கிட்டா அவன் என்னய நல்லவன்னு நெனச்சுக்குவான்." எழுதிவிட்டேன்.

அதனால் மகன், விமான நிலையத்தில் அப்பா உன்னைக் கண்டதும் வலது கையைத்தான் தூக்கிக் காட்டப் பார்ப்பார். அதற்காக ஒரு வாரமாகத் தனியாகப் பழகுகிறார். நான் பார்க்கவில்லை என்று அவருக்கு நினைப்பு. உன் ஒன்பது வயது உயரம் வரை அது வரும். அதற்கு மேல் வராது. அவர் மனம் நோகும் என்று நினைத்து நீ வேறு பக்கம் பார்க்காதே, பெட்டியில் கண்ணைப் போடாதே. நேராகப் போய் அந்தக் கையைப் பிடி. பிடித்துக்கொண்டு, "என்னாப்பா இது?" என்று கேள். இந்தக் கடிதத்தில் எல்லாம் வாசித்திருந்தாலும், கேள்.